பதினொரு நாள்

டெல்லியின் தெருக்களில் பள்ளம் தோண்டிய பெண்களின் பெயர்கள் மாநகராட்சியின் மஸ்டர் ரோலில் இருந்தன. நிரந்தர ஊழியர் பட்டியலில் இல்லை. ஆண்டுக்கணக்கில் உழைத்தும் அவர்கள் தினக்கூலிகளாகவே எண்ணப்பட்டனர். ஆகவே, நிரந்தரப் பெண் ஊழியருக்கு உண்டான மகப்பேறு விடுப்பு அவர்களுக்கு மறுக்கப்பட்டது. வயிறு கனத்த நாள்களிலும் மண்வெட்டியைக் கீழே வைத்தால் அன்றைய கூலி இல்லை. சுமந்த கரு ஒன்றுதான்; பதிவேடுதான் வேறு.

தொழிற்சங்கம் வழக்காடியது. 1996இல் தொழில் தீர்ப்பாயம் பெண்கள் பக்கம் நின்றது. மாநகராட்சி ஓயவில்லை, உயர் நீதிமன்றத்தில் தோற்று, உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் நிரந்தர ஊழியருக்கு மட்டுமே உரியது என்று எங்கும் சொல்லவில்லை என 2000 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகளிர் நாளில் வந்த தீர்ப்பு அது.

அத்துடன் வழக்குகள் ஓய்ந்திருக்க வேண்டும். ஓயவில்லை.

2017 ஏப்ரலில் சட்டம் திருத்தப்பட்டு, 12 வாரமாக இருந்த விடுப்பு 26 வாரமாயிற்று. அதே டெல்லியில், அரசு மருத்துவமனை ஒன்றின் ஒப்பந்த மருத்துவர் அவ்வாண்டு ஜூன் 1 முதல் விடுப்புக் கோரினார். அவருடைய ஒப்பந்தம் ஜூன் 11இல் முடிவதாயிருந்தது. நிர்வாகம் கணக்குப் பார்த்தது: அவருக்கு உரியது 11 நாள் மட்டுமே. சட்டம் தந்ததோ 182 நாள்.

தீர்ப்பாயமும் உயர் நீதிமன்றமும் நிர்வாகத்தின் கணக்கையே ஏற்றன. 2023 ஆகஸ்டில்தான் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது: தகுதி பெற்ற பெண்ணின் மகப்பேற்றுப் பயன் ஒப்பந்தக் காலத்தோடு முடிவதில்லை; பணி முடிந்த பின்னும் அது தொடரும்.

அதற்குள் ஆறு ஆண்டுகள் கடந்திருந்தன. மறுக்கப்பட்ட பணத்தைத் தீர்ப்பு பெற்றுத்தரும். பிரசவத்தின் களைப்பு நீங்காத நாள்களில் அப்பணம் தந்திருக்கக்கூடிய நிம்மதியை எந்தத் தீர்ப்பும் திருப்பித்தர இயலாது. மற்ற உரிமைகள் தாமதமாக வந்தாலும் ஓரளவு பயன்படும்; இவ்வுரிமைக்குப் பருவம் உண்டு. ஆகவே, மறுக்கும் அலுவலகத்துக்கு வழக்கில் வெல்ல வேண்டிய தேவையே இல்லை, இழுத்தடித்தால் போதும்.

வழக்காடி வென்ற பெண்கள் உண்மையில் தமக்குப் பின் வரும் பெண்ணுக்காகவே வென்றிருக்கிறார்கள். அவள் விடுப்பு விண்ணப்பத்தை நீட்டும்போது, மேசைக்கு அப்பால் இருப்பவர் அந்தத் தீர்ப்புகளைப் புரட்டுகிறாரா, ஒப்பந்தத்தின் கடைசித் தேதியைப் பார்க்கிறாரா என்பதில்தான் அவ்வெற்றியின் பொருள் அடங்கியிருக்கிறது.