பாசமும் பாகும்

பி.காம். படித்த எனக்கு 'லிக்விட்' என்றால் கையிருப்புப் பணம். மாசம் பத்தாம் தேதிக்குள் அது முழுசாக ஓடிவிடும் என்பதைத் தவிர, லிக்விட் பற்றி வேறெதுவும் தெரியாது. போன வருஷம் தெரிந்துகொள்ள வேண்டி வந்தது.

அப்பாவுக்குப் பக்கவாதம். பேச்சு போனது. விழுங்கவும் முடியவில்லை. மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய டியூப். "நீர்க்கக் காய்ச்சி, வடிகட்டி ஊத்துங்க சார்" என்று சொல்லிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நீர்க்கவா? நாற்பது வருஷம் கணக்கெழுதி என்னை ஆளாக்கிய மனுஷனுக்குத் தண்ணிக் கஞ்சியா? கேழ்வரகைக் கெட்டியாகக் காய்ச்சினேன். சினிமா போஸ்டரே ஒட்டலாம்! சிரிஞ்சில் ஊற்றி உயரப் பிடித்தேன். அரசாங்க ஃபைல் மாதிரி கொஞ்சம் நகர்ந்தது. அப்புறம் நின்றேவிட்டது. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கை நடுங்கியது.

ஓடி வந்த நர்ஸம்மா, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைமணி போராடி அடைப்பை எடுத்தார். "பாசம் மனசுல கெட்டியா இருக்கட்டும் சார். கஞ்சியில வேணாம்."

அன்று ராத்திரி அக்கா பையனின் ப்ளஸ் ஒன் பிசிக்ஸ் புத்தகத்தைப் புரட்டினேன். பிரான்சில் புவாஸேய் என்று ஒரு டாக்டர். (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கஞ்சி ஆறிவிடும்.) ரத்தம் மெல்லிய நாளங்களில் எப்படி ஓடுகிறது என்று அறிய, 1840 வாக்கில் முடி போன்ற கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரை ஓடவிட்டு அளந்தவர். அவர் கணக்குப்படி, திரவத்தின் பாகுத்தன்மை, அதாவது கெட்டித்தனம், இரண்டு மடங்கானால் ஓட்டம் பாதியாகும். குழாயின் விட்டம் பாதியானாலோ, ஓட்டம் பாதியல்ல. 16-ல் ஒரு பங்கு! என் கஞ்சி இரண்டு கொள்ளையும் அடித்திருக்கிறது. தானும் கெட்டி, உள்ளே ஒட்டிக்கொண்டு குழாயையும் குறுக்கிவிட்டது. போதாததற்கு, ஆற ஆற இன்னும் இறுகியது.

மறுநாள் நீர்க்கக் காய்ச்சி, வடிகட்டி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து ஊற்றினேன். நிதானமாக, நிற்காமல் இறங்கியது.

வருஷக் கடைசியில் கணக்கு டாலியானால் அப்பா பேரேட்டை மூடி, ரெண்டு தட்டு தட்டுவார். அன்று அவருடைய இடது கை மெள்ள நகர்ந்து வந்து, என் கையை ரெண்டு தட்டு தட்டியது.