எட்டுப் பேர், ஒரு வேன்

வேனின் பக்கக் கதவு திறந்ததும் ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். முதலில் ஒரே முகச்சாயலில் இரண்டு பையன்கள், ஒன்பது வயது இருக்கும். அடுத்து ஒரு சிறுமி. பிறகு பதினான்கு வயதில் நெடுநெடுவென்று ஒருவன். கடைசியாக மூத்தவள், ஒரு பெரிய செல்லோப் பெட்டியை அணைத்தபடி. தாயின் இடுப்பில் கைக்குழந்தை. தகப்பன் ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கி வந்து, வழக்கம் போலிருக்கிறது, தலைகளை எண்ணிக்கொள்கிறார்.

இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட். அமெரிக்கச் சாலைகளில் இழுத்துச் செல்லப்படும் வீடுகளில் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில்தான் தயாராகிறது. அக்டோபர் மாதக் காலைக் குளிர். விற்பனை முற்றத்துக்கு வெளியே ஆமிஷ்காரர் ஒருவரின் குதிரை வண்டி போகிறது. சொந்தமாகக் கார் வைத்துக்கொள்ளாத அந்தச் சமூகத்து ஆண்கள் பலர், இங்குள்ள தொழிற்சாலைகளில் இந்த வீடுகளைக் கட்டுகிறார்கள். நண்பரின் வண்டி பட்டறையில் பழுது பார்க்கப்படும்வரை எனக்கு வேறு வேலையில்லை. வரிசைகளுக்கிடையே நடக்கிறேன்.

“நவம்பருக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும். அதற்குப் பிறகு இதுதான் எங்களுக்கு வீடு. வருடம் முழுவதும்” என்கிறார் தகப்பன்.

விற்பனையாளர் அவர்களை நேராகப் பெரிய ‘ஃபிஃப்த் வீல்’ டிரெய்லருக்கு அழைத்துப் போகிறார். பன்னிரண்டு மீட்டர் நீளம். பின்னால் பிள்ளைகளுக்குத் தனி அறை, அதற்கெனத் தனிக் கழிப்பறை. இரட்டையர் மேல் படுக்கைக்கு ஏறிவிட்டார்கள். தகப்பன் உள்ளே போகவில்லை. முன்பக்கம் தொங்கும் இணைப்பைப் பார்த்தபடி நிற்கிறார். அது பிக்கப் லாரியின் தட்டில்தான் மாட்டும். பிக்கப்பில் ஆறு பேருக்கு மேல் இடமில்லை. ஓடும் டிரெய்லருக்குள் ஆட்களை உட்கார வைப்பதைப் பல மாநிலங்கள் அனுமதிப்பதில்லை.

“இரண்டு வண்டியாகப் போகிற குடும்பங்கள் நிறைய இருக்கின்றன” என்கிறார் விற்பனையாளர்.

“இரண்டு பேரும் ஓட்டிக்கொண்டிருந்தால் அழுகிற குழந்தையை யார் எடுப்பது?” என்கிறாள் தாய்.

அத்தோடு ஃபிஃப்த் வீல் பேச்சு முடிந்தது. பிள்ளைகளை இறக்கத்தான் நேரமாகிறது.

படுக்கைகளை எண்ணி வாங்குகிறவர்கள்தான் அதிகம். இவர்கள் இருக்கைகளிலிருந்து தொடங்குகிறார்கள், அதுதான் சரி. எட்டுப் பேருக்கு இந்த வேன்தான். வேன் இழுக்கக்கூடியது 3,900 கிலோ. டிரெய்லரின் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் வேனின் பின்முனையில் அழுத்தும், அதையும் வேன் ஆட்களோடு சேர்த்துத் தாங்கியாக வேண்டும். ஆக, எந்த வீடு என்பதைப் பாதிக்குமேல் வேன் முடிவுசெய்துவிட்டது.

அளவுக்குள் அடங்கும் புது டிரெய்லர் ஒன்று கிடைக்கிறது. தாய் எல்லோரையும் உள்ளே போகச் சொல்லிக் கதவைச் சாத்துகிறாள். டிரெய்லர் வில்களின் மேல் லேசாக ஆடுகிறது. உள்ளே யாரோ யாரையோ மிதித்துவிட்ட சத்தம். விற்பனையாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பத்து நிமிடத்துக்குப் பிறகு கதவு திறக்கிறது. சிறுமி கண்ணைக் கசக்குகிறாள்.

“புது வண்டி வாசனை” என்கிறார் விற்பனையாளர்.

அந்த வாசனையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2005இல் கத்ரீனா புயலில் வீடிழந்தவர்களுக்கு அமெரிக்க அரசு கொடுத்தது இந்த மாதிரி டிரெய்லர்களைத்தான், அதுவும் பல்லாயிரக்கணக்கில். விடுமுறைக்கென்று செய்த பெட்டிகளில் குடும்பங்கள் மாதக்கணக்கில் கிடந்தன. கண்ணெரிச்சல், இருமல் என்று புகார்கள் குவிந்தன. ஒட்டுப்பலகைகளின் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு அவற்றுள் மிகுந்திருந்ததை 2008இல் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சோதித்து உறுதிசெய்தது. பின்னர் விதிகள் இறுகின. இப்போதைய பலகைகள் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் குழந்தை தூங்கப்போகும் அறையை மூக்கால் சோதிக்கும் இந்தத் தாயை எனக்கு மிகவும் பிடித்துப்போகிறது.

தகப்பன் உத்தரவாதப் புத்தகத்தைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைக்கிறார். நிரந்தரக் குடியிருப்புக்கு உரியதல்ல. அப்படிப் பயன்படுத்தினால் உத்தரவாதம் செல்லாது. தயாரிப்பாளர்கள் பலரும் எழுதிவைப்பதுதான். மனைவியிடம் காட்டுகிறார். “அப்படியானால் புதிதுக்கு ஏன் கூடுதல் பணம்?” என்கிறாள். பழைய வண்டிகளின் வரிசைக்கு நடக்கிறார்கள்.

முப்பத்து மூன்று அடி நீளத்தில் ஒன்று. இதைத் தகப்பன் பார்க்கும் விதமே வேறு. ஏணியில் ஏறிக் கூரையின் இணைப்புகளில் பூசிய பசை வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவுகிறார். ஜன்னல்களுக்குக் கீழே சுவரை உள்ளங்கையால் அழுத்துகிறார். குளியலறை வாசலில் தரையைக் கட்டைவிரலால் மிதித்துப் பார்க்கிறார். தண்ணீர் புகுந்திருந்தால் இந்த இடங்களில்தான் மெத்தென்று அமுங்கும். டயரின் பக்கவாட்டில் 3519 என்ற எண்: 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. “நான்கும் மாற்ற வேண்டும்” என்று மூத்தவளிடம் சொல்ல, அவள் குறித்துக்கொள்கிறாள்.

நெடியவன் மேல் படுக்கையில் நீட்டிப் படுத்துக் காட்டுகிறான். பாதம் சுவரில் முட்டுகிறது. இன்னும் வளர்வான். அவனைக் கீழ்ப் படுக்கைக்கு மாற்றினாலும் நீளம் அதேதான். இதற்கு யாரிடமும் பதிலில்லை. அவனே “மடக்கிப் படுத்துக்கொள்வேன்” என்கிறான்.

கதவோரம் மஞ்சள் நிற வில்லை ஒட்டியிருக்கிறது. ஏற்றக்கூடிய சரக்கு 640 கிலோவைத் தாண்டக் கூடாது. தகப்பன் குந்தி உட்கார்ந்து கணக்குப் போடுகிறார். நல்ல தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் 150 கிலோ. மீதி 490. எட்டால் வகுத்தால் தலைக்கு 61 கிலோ. அதற்குள் பாத்திரம், கம்பளி, பாடப் புத்தகம், கருவிப்பெட்டி, சாப்பாட்டுச் சாமான் எல்லாம். அவர் எண்ணைச் சத்தமாகச் சொல்லும்போது மூத்தவள் செல்லோப் பெட்டியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொள்கிறாள். அதை யாரும் விடச் சொல்லவில்லை. சற்று நேரத்தில் அவளாகவே உள்ளே போய்க் கீழ்ப் படுக்கைக்கடியில் பெட்டியைச் செருகிப் பார்க்கிறாள். உயரம் போதவில்லை. துணி அலமாரியில் நிறுத்துகிறாள். நிற்கிறது, ஆனால் துணிக்கு இடமில்லை.

“கழிவுத் தொட்டி எத்தனை நாள் தாங்கும்?” தாய் கேட்கிறாள்.

“ஒரு வாரம்.”

“எட்டுப் பேருக்கு?”

விற்பனையாளர் யோசித்து, மூன்று நாள் என்கிறார். முதன்முறையாக அவரும் எட்டுப் பேருக்கென்று யோசிக்கிறார். அடுத்து அவள் கேட்காமலேயே, பக்கவாட்டில் நீளும் கூடத்தை உள்ளிழுத்துக் காட்டுகிறார். பயணத்தின் நடுவே நிறுத்தினால் வீடு இப்படித்தான் சுருங்கியிருக்கும். அவள் குழந்தையோடு ஒருக்களித்து நுழைந்து குளிர்பெட்டியைத் திறக்கிறாள், கழிப்பறைக் கதவைத் திறக்கிறாள். இரண்டும் திறக்கின்றன.

கூடம் மீண்டும் வெளியே நீள்கிறது. விளம்பரத் தாளில் பத்துப் பேர் படுக்கலாம் என்று இருக்கிறது. மேசையில் நாலு பேர்தான் உட்காரலாம். எதிரே சாய்ந்து படம் பார்க்கும் பெரிய சோபா. மழை நாளில் ஐந்து பிள்ளைகள் பாடம் படிக்க வேண்டும், எட்டுப் பேர் சேர்ந்து சாப்பிட வேண்டும். விழித்திருக்கும் நேரத்துக்கு இந்தத் தொழில் ஏனோ இடம் ஒதுக்குவதில்லை.

“இந்தச் சோபாவை எடுத்துவிட்டு, சுவரோரமாக நீளமாக ஒரு மேசை, இரண்டு பக்கமும் பெஞ்சு போட முடியுமா?”

விற்பனையாளர் பட்டறைக்குப் போய் மேஸ்திரியைக் கூட்டிவருகிறார். அளவுநாடாவின் ஒரு முனையை நெடியவன் பிடித்துக்கொள்கிறான். ஏழடி வரும் என்கிறார் மேஸ்திரி. இரட்டையர் அந்த ஏழடிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தங்கள் இடம் எது என்று சண்டையைத் தொடங்குகிறார்கள்.

தகப்பனுக்கு வேறொன்று தெரிய வேண்டும். “சோபா எத்தனை கிலோ?”

மேஸ்திரி ஒரு முனையைத் தூக்கிப் பார்க்கிறார். “அறுபதுக்குக் குறையாது.”

“மேசை?”

“லேசான பலகையில் செய்தால் பெஞ்சோடு சேர்த்து முப்பது.”

மூத்தவள் அந்த மீதி முப்பதை எழுதிக்கொள்கிறாள்.