பதியன்

சுங்கை சிப்புட் பக்கத்துக் கித்தா (ரப்பர்) தோட்டம் ஒன்றில், எங்கள் லயத்து வீட்டு வாசலில் ஒரு முல்லைப் பந்தல் இருந்தது. சுற்றிலும் பால்மரம். வெயில் விழும் இடம் அந்த வாசல் ஒன்றுதான். அதுவும் அரை நாள். அம்மா அதை விடவில்லை. ஆட்டுப்புழுக்கை, அடுப்புச் சாம்பல், அரிசி கழுவிய தண்ணீர். இவ்வளவுதான் உரம். பேராக்கில் மழைக்குப் பஞ்சமில்லை. அதனால் தண்ணீர் ஊற்றுவதைவிட, தேங்காமல் பார்த்துக்கொள்வதே பெரிய வேலை. கொடியின் அடியில் முழங்கால் உயரத்துக்கு மண்ணை மேடு கட்டி வைத்திருந்தார்.

விடியுமுன்னே, வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்கு அம்மா போய்விடுவார். குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். முல்லையோ பொழுது சாயும் வேளையில் மலர்கிற பூ. காலை முழுவதும் மரத்துக்குக் கொடுத்தவருக்கு, அந்திப்பொழுதை இந்தக் கொடி கொடுத்தது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

அக்கம்பக்கத்தார் முல்லை கேட்பார்கள். கொம்பை ஒடித்துக் கொடுக்க மாட்டார் அம்மா. பதியன் போட்டுத்தான் கொடுப்பார். மரம் சீவுகிற உளியைக் கழுவி எடுத்து வருவார். அதிகம் இளசும் அதிகம் முற்றலும் இல்லாத, பென்சில் கனத்தில் தரையோரம் ஓடும் கொடியாகத் தேடுவார். ஒரு கணுவுக்குக் கீழே அரை அங்குலத்துக்குப் பட்டையை மட்டும் சீவுவார். தோட்டத்தில் மரம் சீவும்போதும் அதே கணக்குதான். உளி பட்டையைத் தாண்டி மரத்தைத் தொட்டுவிட்டால் காயம். அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு சீவ வராது. சீவிய கணுவை மைலோ டின்னில் நிரப்பிய மண்ணுக்குள் அழுத்தி, கவட்டைக் குச்சியால் குத்தி, மேலே ஒரு கல்லை வைப்பார். நுனி வெளியே நிற்கும். தாய்க்கொடியிலிருந்து அறுக்க மாட்டார். மூன்று மாதம் சும்மா விட வேண்டும். உள்ளே வேர் பிடித்துவிட்டதென்று தெரிந்த பிறகே உளி மறுபடி வரும்.

“தாய் ஊட்டிக்கிட்டு இருக்கும்போதே பிள்ளைக்கு வேர் வரணும்மா. வெட்டிட்டு வேர் வரட்டும்னு காத்திருந்தா நடக்குமா?” என்பார்.

எண்பதுகளின் கடைசியில் தோட்டம் கைமாறியது. கித்தாவை அழித்துச் செம்பனை போடப் போவதாகச் சொன்னார்கள். எங்களுக்கு ஒரு மாதக் கெடு. தோட்டத்தில் வேலை போனால் வேலை மட்டும் போகாது. வீடு, தண்ணீர், கோயில், பிள்ளைகள் நடந்து போகிற தமிழ்ப்பள்ளி எல்லாமே அந்த வேலையோடு கட்டியவை. கடைசி நாளில் அண்ணன் முல்லையை மண்கட்டியோடு தோண்டி லாரியில் ஏற்றினார். ஈப்போ புந்தோங்கில் வாடகை வீட்டு வாசலில் நட்டோம். இரண்டு வாரத்தில் சருகாகிவிட்டது.

அப்பாவும் அப்படித்தான் ஆனார். முப்பது வருடம் மரம் சீவிய கை. வேறு தொழில் அறியாது. விடியற்காலை நான்கரைக்கு எழுந்து, உடுத்திக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். போக இடமில்லை. அவரைக் குடிக்கவும் அழவும் விட்ட அந்த நாட்களை நான் மறக்கவில்லை.

கோலகங்சாரில் பழைய கித்தா மரம் ஒன்று இன்றும் நிற்கிறது. போய்ப் பார்த்திருக்கிறேன். 1876இல் பிரேசிலிலிருந்து விதையாகப் புறப்பட்டு, லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, கண்ணாடி மூடிய பெட்டிகளில் கப்பலேறி, 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. ஒரு மரத்தை ஊர் மாற்றி நட எத்தனை பொறுமை காட்டியிருக்கிறார்கள்! காற்று, ஈரம், நிழல் எல்லாம் பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்தார்கள். அந்த மரத்துக்காக வந்தவர்களின் பேரப்பிள்ளைகளை அனுப்பும்போது ஒரு மாதக் கெடு போதும் என்று நினைத்தார்கள். தோட்ட வாழ்க்கை சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. அங்கிருந்து வெளியே வரத்தான் வேண்டும். வந்த விதம் தவறு.

முல்லை முழுவதும் அழிந்துவிடவில்லை. கெடு வருவதற்கு முன்பே பக்கத்து வீட்டு அக்காவுக்காக அம்மா போட்டிருந்த பதியன் ஒன்று மைலோ டின்னில் வேர் பிடித்து நின்றது. அக்காவுக்குக் கிடைத்தது அடுக்குமாடியில் நாலாவது மாடி. “எனக்கு மண்ணு ஏது? நீங்களே வச்சுக்குங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்று என் வாசலில் பூப்பது அதன் வழிவந்த கொடி.

என் மகள் வேலைக்குக் கோலாலம்பூர் போனபோது எனக்குப் பதியன்தான் நினைவுக்கு வந்தது. ஒரு வருடம் அத்தை வீட்டில் இருந்தாள். சம்பளம் நிலைத்து, நாலு பேர் பழகி, சொந்தமாக வாடகை கட்டத் தெரிந்த பிறகே தனி வீடு. அதுவரை மாதாமாதம் நான் அனுப்பியதை வீண் செலவு என்றவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இன்னும் லயங்களில் குடும்பங்கள் இருக்கின்றன. நிலத்தை வாங்குகிறவர்களிடமும், அவர்களோடு பேச்சுவார்த்தைக்கு உட்காருகிற நம் தலைவர்களிடமும் இந்தக் கிழவி கேட்பது ஒன்றுதான். புது வீட்டைக் கட்டி முடித்துச் சாவியைக் கையில் கொடுங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளியும் பெரியவர்களுக்கு ஒரு வேலையும் அமையட்டும். அதன் பிறகு லயத்தை இடியுங்கள்.