வேர்க்கப் போன இடம்

ஒஸ்லோ ஒப்பெரா மாளிகையின் பக்கத்தில், லாங்காயா என்ற பழைய துறைமுகக் கரையோரம் சவுனா என்னும் வேர்வைக் குளியலுக்கான மரக்குடில்கள் கடலில் மிதந்துகொண்டிருக்கும். கூரையில் விறகுப் புகை. மாசி மாதக் குளிரில் கதவு திறக்கும். நீச்சலுடையோடு நாலுபேர் ஓடிவந்து தொப்பென்று தண்ணீருக்குள் விழுவார்கள். ஒஸ்லோவின் பியோர்ண்டாலில் இருக்கும் எங்கள் தமிழ் ஆட்கள் இதை ‘வெள்ளைக்காரரின் புதுப் பைத்தியம்’ என்பார்கள். புதிது என்பது ஓரளவு சரிதான். ஒப்பெரா 2008இல்தான் திறந்தது. அந்தக் கரையை நகரத்திலிருந்து பிரித்துவைத்திருந்த நெடுஞ்சாலை, 2010இல் கடலடிச் சுரங்கத்துக்குள் போனது. அதற்குப் பிறகே சனம் அங்கே குளிக்கவே தொடங்கியது. கிடைத்த பலகைகளை வைத்து நண்பர்கள் சிலர் கட்டிய மிதவைக் குடில்தான் தொடக்கம். 2016இல் ஒஸ்லோ பாட்ஸ்டூபொரெனிங் என்ற சங்கமும் வந்துவிட்டது; பாட்ஸ்டூ என்பது சவுனாவின் நோர்வேப் பெயர்.

ஹோல்ம்லியா வரை பஸ், பிறகு பியோர்ட் ஓரமாக ஓடும் ரயில் என்று நானும் ஒரு சனிக்கிழமை போனேன். உள்ளே எண்பது பாகைக்கு மேல். முதலில் சுட்டது காதுமடல், அடுத்தது கழுத்து. தாலிக்கொடி காய்ந்து தோலில் ஒட்டத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த வயதான பின்லாந்துப் பெண்மணி, “உலோகமெல்லாம் வெளியே வைத்துவிட்டு வரவேணும்” என்றார். தாலியை எப்படிக் கழற்றி வைப்பது? துவாயை மடித்துக் கொடிக்கும் நெஞ்சுக்கும் நடுவே கொடுத்துக்கொண்டு இருந்தேன். அவர் வாளித் தண்ணீரை அகப்பையால் மொண்டு அடுப்புக் கற்களில் ஊற்றினார். சீறல் அடங்கிய பிறகே வெக்கை வந்து முகத்தில் மோதியது. சித்த வைத்தியத்தின் முப்பத்திரண்டு புற மருத்துவங்களில் வேது பிடிப்பதும் ஒன்று. ஆனால் அது நோயாளிக்குச் செய்வது. இங்கே சுகதேகிகள் வரிசையில் உட்கார்ந்து வேர்க்கிறார்கள்.

“இது எங்களுடையது, இவர்கள் எங்களிடம் படித்தது” என்றார் அந்த அம்மா. பெருமைப்பட அவருக்கு உரிமை இருக்கிறது. ஏறத்தாழ ஐம்பத்தாறு இலட்சம் பேர் வாழும் பின்லாந்தில் சுமார் முப்பத்துமூன்று இலட்சம் சவுனாக்கள். யுனெஸ்கோவும் 2020இல் அதை மானிடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மேல் தட்டில் இருந்த நோர்வேக் கிழவர் விடவில்லை. “என் பாட்டனின் பண்ணையில் பாட்ஸ்டூ இருந்தது” என்றார். “அதில் குளித்தார்களா?” என்று அம்மா கேட்டார். கிழவர் கொஞ்சம் யோசித்து, “இல்லை, தானியம் காயவைத்தார்கள்” என்றார். எல்லோரும் சிரித்தோம். எனக்கு அந்தப் பதில்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. குளிக்கும் அறையில் ஏன் தானியம்?

விடை, ஒப்பெராவுக்கு எதிரே இருக்கும் டெய்க்மான் நூலகத்தில் கிடைத்தது. ஐலெர்ட் சுண்ட் என்ற பாதிரியார் 1869இல் நோர்வே மக்களின் துப்புரவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஊர் ஊராக நடந்து, அடுப்படி வரை எட்டிப்பார்த்து எழுதும் மனிதர். இந்நாட்டுச் சமூகவியலின் முன்னோடி. பாட்ஸ்டூவில் வேர்த்துக் குளிப்பது முன்பு இங்கேயும் இருந்த வழக்கம், பெரும்பாலான இடங்களில் அது கைவிடப்பட்டு, கட்டடம் மட்டும் தானியமும் மோல்ட் என்னும் முளைதானியமும் உலர்த்த மிஞ்சியது என்பது அவர் கண்டது. ஆக அம்மாவும் சரி, கிழவரும் சரி. நோர்வேக்காரர் மறந்தார்கள், மறக்காதவர்கள் பக்கத்துக் காட்டிலேயே இருந்தார்கள்.

அந்தக் காட்டைப் பார்க்க சுவீடன் எல்லையோரப் பின்ஸ்கூகனுக்குப் போனேன். 1600களில் பின்லாந்தின் சாவோ பகுதியிலிருந்து சுவீடன் வழியாக வந்த குடும்பங்கள் குடியேறிய இடம். ஊசியிலைக் காட்டை வெட்டிச் சாய்த்து, எரித்து, சாம்பலில் ‘ரை’ தானியம் விதைப்பார்கள். நல்ல விளைச்சல், ஆனால் சீக்கிரம் மண் களைத்துவிடும். அடுத்த காட்டுக்கு நகரவேண்டும். வன்னியில் சேனைப் பயிர் செய்தவர்களுக்கு விளங்கும். மரத்துக்கு விலை ஏற ஏற, காட்டை எரிக்கிறவன் அரசுக்கு எதிரியானான். 1686இல் இவர்களை மட்டும் தனியாகத் தலை எண்ணினார்கள். இன்று இந்தக் காட்டுப் பின்னியர் நோர்வேயின் ஐந்து தேசியச் சிறுபான்மையினரில் ஒருவர்.

அங்கே பழைய புகைச் சவுனா ஒன்றுக்குள் குனிந்து நுழைந்தேன். புகைபோக்கியே இல்லை. கற்குவியலின் கீழ் மணிக்கணக்காக விறகெரித்து, தீ அணைந்து, புகை போன பிறகே ஆட்கள் உள்ளே போவார்கள். சுவரைத் தொட்ட விரல் கறுத்துப்போனது. பின்லாந்தில் பெண்கள் பிள்ளை பெற்றதும் சவுனாவில்தான். வெந்நீர், சூடு, ஆளில்லாத தனியறை: பேறுக்கு வேறென்ன வேண்டும்? இறந்தவரைக் குளிப்பாட்டியதும் அங்கேயே. லாங்காயாவில் மணிக் கணக்குக்குக் காசு கட்டி, முன்பதிவு செய்து வேர்க்கும்போது இது எதுவும் நினைவுக்கு வருவதில்லை. அதில் எனக்குச் சின்ன மனக்குறை உண்டு.

பியோர்ண்டாலுக்குத் திரும்பிய பிறகு மேல்மாடி அண்ணையிடம் கதை கொடுத்தேன். எண்பதுகளின் கடைசியில் வடக்கே பின்மார்க்கில் மீன் வெட்டும் ஆலைக்குப் போனவர். அந்த வடக்கில் க்வென் மக்கள் இருக்கிறார்கள். பஞ்சத்துக்குத் தப்பிப் பின்லாந்திலிருந்து வந்தவர்களின் பரம்பரை. வாட்ஸோ என்ற ஊரில் 1875இல் பாதிக்கு மேல் அவர்கள்தான்.

“சவுனாவோ? எனக்கென்ன புதுசே தங்கச்சி,” என்றார். “ஆலையில என்னோட நிண்ட க்வென் கிழவன் சனிக்கிழமையெண்டால் கூட்டிக்கொண்டு போயிருவான். கை விறைச்சு விரல் மடங்காது. அதுக்குள்ள போய் இருந்தால்தான் விரல் விரியும்.”

“அப்ப வாங்கோவன், லாங்காயாவுக்குப் போவம்.”

“எவ்வளவு எடுக்கிறாங்கள்?”

சொன்னேன்.

“காசு குடுத்தோ? அவன் எனக்குச் சும்மா தந்ததடி,” என்றார் அண்ணை. “சவுனாவுக்குப் பிறகு கோப்பியும் தருவான்.”