ஸ்ரீராம்பூரிலிருந்து ஒரு ஆரணிக்காரன்

அன்புள்ள மச்சான்,

புடவை விற்க வந்த கண்காட்சிக்கு இன்று விடுமுறை. ஹவுராவில் லோக்கல் ரயில் பிடித்து ஸ்ரீராம்பூர் வந்துவிட்டேன். ஹூக்ளிக் கரையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஆறு நிறையத் தண்ணீர். நம் கமண்டல நாகநதியை நினைத்தால் வயிறு எரிகிறது.

1755இல் டேனிஷ்காரர்கள் வந்து குடியேறிய ஊர் இது. தரங்கம்பாடியும் இதுவும் ஒரே ராஜாவின் சொத்தாக இருந்தவை. 1845இல் இரண்டையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களிடம் விற்றுவிட்டுப் போனார்கள். 1806இல் கட்டி முடித்த செயின்ட் ஓலாவ் தேவாலயத்தின் முகப்பில் ஏழாம் கிறிஸ்டியன் ராஜாவின் முத்திரை இன்னும் இருக்கிறது. தேவாலயத்தைச் செப்பனிட்ட வேலைக்கு 2016இல் யுனெஸ்கோ விருது கிடைத்ததாம். கொஞ்சம் நடந்தால் வில்லியம் கேரியும் கூட்டாளிகளும் 1818இல் தொடங்கிய கல்லூரி. இன்றும் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

இப்போது நான் இருப்பது டென்மார்க் டாவர்ன். 1786இல் ஆற்றுவழி வருகிறவர்கள் தங்கிச் சாப்பிடத் திறந்த விடுதி. கூரை இடிந்து பாழாய்க் கிடந்ததை எடுத்துக் கட்டி, 2018இல் மறுபடி திறந்திருக்கிறார்கள். விலைதான் நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகாது. ஒரு டீக்கு இவ்வளவா என்று கேட்டுவிடலாமா என்றிருந்தது.

பக்கத்து மேசையில் ஒரு பெரியவர். என் பையிலிருந்து எட்டிப் பார்த்த சாம்பிள் புடவையிலேயே அவர் கண். அரைகுறை இந்தியில் பேச்சு தொடங்கியது. பட்டில் அச்சடிக்கிற குடும்பமாம். இந்த ஊரில் அது பெரிய தொழில். புடவையைக் கொடுத்தேன். முந்தானையைப் பார்க்கவேயில்லை மச்சான். நேராகப் பின்பக்கத்தைத் திருப்பினார். கரையும் உடலும் சேரும் இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். எத்தனை நாள் வேலை என்று கேட்டார். வீட்டில் எல்லோரும் கைகொடுத்தால் ஒரு வாரம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, வா என்று பட்டறைக்கே கூட்டிப் போய்விட்டார்.

நீளமான மேசை. அதன்மேல் வெள்ளைப் பட்டு, சுருக்கமில்லாமல் ஊசி குத்தி விரித்திருந்தது. இரண்டு பேர் அச்சுச் சட்டத்தை இப்புறமும் அப்புறமும் பிடித்து வைத்து, சாயத்தை ஒரே இழுப்பாக இழுத்து, தூக்கி அடுத்த இடத்தில் வைக்கிறார்கள். ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். மயிரிழை தள்ளினாலும் பூவின் சிவப்பு இலைமேல் ஏறிவிடும். தள்ளவில்லை. பிறகு ஆவியில் வேகவைத்து அலசுவார்களாம்.

அச்சுப் பட்டுதான் நம் வியாபாரத்தைக் கெடுக்கிறது என்று வருஷக்கணக்காகத் திட்டியிருக்கிறோம். இன்றும் அந்தக் கோபம் எனக்கு முழுதாகப் போகவில்லை. விலையில் அதோடு நாம் மோத முடியாது. ஆனால் அந்த இரண்டு பேரின் கையைப் பார்த்தபின் வாய்க்கு வந்தபடி பேச மனசு வராது. அவர்கள் கூலியும் நம் கூலியைப் போலத்தான் இருக்கிறது. "என் பேரன் இந்த வேலைக்கு வரமாட்டான்" என்றார் பெரியவர். அதை அவர் ஆரணியிலேயே சொல்லியிருக்கலாம்.

திரும்பும் வழியில் டாவர்னைக் காட்டி, இடிந்து கிடந்தபோது இந்தப் பக்கம் ஒருவரும் வரமாட்டார்கள், இப்போது சாயங்காலம் உட்கார இடம் கிடைப்பதில்லை என்றார். எனக்கு நம் ஊர்ப் பக்கத்துப் பூசிமலைக்குப்பம் கண்ணாடி மாளிகைதான் ஞாபகம் வந்தது. சுவரெல்லாம் கிறுக்கல், கூரை போய்விட்டது. ஆரணி ஜாகீர்தார் கட்டிய மாளிகைக்கே அந்தக் கதி. ஆரணிக் கோட்டைக்குள் நிற்கும் கெல்லி நினைவுத் தூணை எத்தனை பேர் நிமிர்ந்து பார்க்கிறார்கள்? இங்கே டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் பணமும் ஆளும் தந்து உதவியது. நமக்கு அப்படி ஒரு டென்மார்க் கிடையாது, சரி. ஆனால் இங்கேயும் ஒரு குறை கண்ணில் பட்டது. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஆற்றங்கரையோடு திரும்பிவிடுகிறார்கள். ஊருக்குச் சோறு போடுகிற பட்டறைப் பக்கம் ஒருவரும் போவதில்லை. நாம் மாளிகையைச் செப்பனிட்டால் தறியையும் சேர்த்தே காட்ட வேண்டும். ஒரு கூடத்தில் குழித்தறி, பாவு, நாடா, ஜக்கார்டு பெட்டி. பக்கத்திலேயே நெய்தவரிடம் நேரடியாகப் புடவை வாங்க இடம்.

அடுத்த நெசவாளர் சொசைட்டி கூட்டத்தில் இதை நீ எழுப்பு. கலெக்டருக்கு மனு எழுதி வை. நான் வந்ததும் கையெழுத்துக்கு வீடுவீடாகப் போகலாம்.

உன் மச்சான்