நாலு பேர், ஒரே மெஸ்!

ஹாஸ்டல் மெனுவைத் திட்டுற ஆளா நீங்க? ஒரு தை மாசக் காலையில, பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியா டாப்சிலிப் போய்ட்டு வாங்க பாஸ். ஒரே காட்டுல நாலு பேர் சண்டையில்லாம சாப்பிடுறது எப்படின்னு ஆனைமலை சொல்லித்தரும்.

புல்வெளியில கூட்டமா மேயுறது புள்ளிமான். கடமான் பெரிய உடம்புக்காரர். இருட்டினதும் புல், இலை, பட்டைன்னு ஒரு கட்டு கட்டுவார். கேளையாடு தனி ஆள். இளந்தளிரும் உதிர்ந்த பழமும் போதும். முயல் சைஸ் சருகுமானுக்கு நைட் ஷிஃப்ட். விலங்கியல்படி அது மான் குடும்பமே இல்லை; ஆனா பந்தியில இடம் உண்டு!

பனிக்காலம் போகப்போக புல் காயும். உடனே புள்ளிமானும் இலை, பழத்துக்கு மாறிடும். மரத்து மேல மந்தி உதிர்க்கிற நெல்லிக்காய்தான் இலவச பார்சல். அசைபோடும்போது கொட்டையை வேற இடத்துல துப்பும். அங்கே ஒரு நெல்லிக்கன்று முளைக்கலாம்!

இந்த ஏற்பாட்டைக் கெடுக்கிறது ரெண்டு. ஒண்ணு, புல்லை மூடிப் படருற உண்ணிச்செடி. இன்னொண்ணு, நாம நீட்டுற சிப்ஸ். கவரோட முழுங்கினா உயிருக்கே ஆபத்து. செடியைப் பிடுங்க ஃபாரஸ்ட்காரங்க இருக்காங்க. பாக்கெட்டைப் பையிலேயே வெச்சுக்க நாமதான் இருக்கணும்!