இமையைத் தூக்கினால் போதுமா?

ஜெய்ப்பூர் வந்து ஆறு வருஷமாச்சு. இங்கே வெயிலைவிடக் காத்துதான் வில்லன். மே மாசம் அடிக்கிற 'லூ'வில் துவைச்ச துணி மாதிரியே கண்ணும் காஞ்சிடும்.

இதை ஏன் சொல்றேன்னா, போன வருஷம் அம்மாவுக்கு (வயசு 71) இடது இமை பாதிக் கண்ணை மறைக்கிற அளவுக்குத் தொங்கிப்போச்சு. மோவாயைத் தூக்கிக்கிட்டுத்தான் டிவி பார்ப்பாங்க. ஆபரேஷன்னு முடிவாச்சு.

கத்தியை எடுக்கறதுக்கு முன்னாடி டாக்டர் கண்ணீரை அளந்தார். ஷிர்மர் டெஸ்ட். கீழ் இமைக்குள்ளே ஒரு காகிதப் பட்டையைச் சொருகி அஞ்சு நிமிஷம். 10 மி.மீ.க்கு மேல் நனைஞ்சா பரவாயில்லை, 5க்குக் கீழேன்னா நல்ல வறட்சி. அம்மாவுக்கு 6. "எவ்வளவு அழுதிருக்கேன், இவ்வளவுதான் மிச்சமா?"ன்னாங்க.

இமை ஷட்டர் மட்டுமில்லையாம், கார் வைப்பரும்கூட. ஒவ்வொரு சிமிட்டலுக்கும் கண்ணீரைக் கருவிழி மேலே தடவி விடுது. இமையைத் தூக்குற தசையை இறுக்கித் தைச்சா கண் நல்லாத் திறக்கும். ஆனா முழுசா மூடாமப் போகலாம். தூக்கத்தில் அந்த இடுக்கு வழியா கருவிழி காயும். முதல்ல மணல் விழுந்த மாதிரி உறுத்தல். கவனிக்காம விட்டா புண்ணாகிப் பார்வைக்கே ஆபத்து. கண்ணை மூடும்போது விழி மேலே உருளுதான்னும் பார்த்தார். உருண்டா கருவிழிக்கு அது ஒரு பாதுகாப்பு.

"மறு கண்ணுக்குச் சமமாத் தூக்க மாட்டேன், ஒரு மி.மீ. குறைச்சே விடறேன்"னார். தங்கமணிக்குக் கோபம்: "காசு கொடுத்து ஒன்றரைக் கண்ணா?" தகுதி பார்த்து லோன் தொகையைக் குறைக்கிறதே என் பிழைப்பு, அதனால எனக்கு உடனே புரிஞ்சது. அம்மாவே முடிச்சு வச்சாங்க: "என்னை யாரும் பொண்ணு பாக்க வரலை. பேப்பர் படிச்சாப் போதும்."

முதல் ரெண்டு மாசம் தூங்கும்போது வெள்ளை விழி கீற்றாத் தெரியும். தினம் ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்ப்பேன். பகல்ல சொட்டு மருந்து, படுக்கும்போது களிம்பு, கூலர் காத்து முகத்தில் படாத மாதிரி கட்டிலைத் திருப்பிப் போட்டோம். இப்போ இடுக்கு மூடிடுச்சு, மோவாய் இறங்கிடுச்சு, பேப்பரும் படிக்கிறாங்க. சொட்டு மருந்து மட்டும் தொடருது.

உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு இந்த ஆபரேஷன்னா, கண்ணீர் டெஸ்ட் எடுத்தாச்சான்னு முதல்ல கேளுங்க. கண் எரிச்சல், முன்னாடி செஞ்ச லேசர் சிகிச்சை, மூட்டுவாதம் எதையும் டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. தையல் பிரிச்ச பிறகும் வலியோ மங்கலோ வந்தா அன்னிக்கே ஓடுங்க, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.